"சங்கத்துல சேர்ந்துடு, லைஃப் செட்டில்"

அமெரிக்காவில் நாடக மேடைக்குப் பின்னால் வேலை தேடும் எவனுக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். சரி ஐயா, சேர்கிறேன், எப்படிச் சேர்வது? அந்த இடத்தில் மட்டும் எல்லாருக்கும் வாய் அடைத்துவிடும்.

எங்கள் ஊர் லோக்கலில், அதாவது மேடைத் தொழிலாளர் சங்கத்தின் ஊர்க் கிளையில், உறுப்பினர் கார்டு வாங்க, சங்கம் அனுப்பும் வேலைகளில் இத்தனை மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். அந்த வேலைகளோ முதலில் கார்டு வைத்திருப்பவனுக்குப் போகும். மிச்சம் மீதி இருந்தால்தான் 'ஓவர்ஹயர்' என்ற பெயரில் நமக்கு. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான், வேறென்ன.

உறுப்பினர்களை மட்டுமே வேலைக்கு எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவதை 1947-இலேயே டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தடை செய்துவிட்டது. அதனால் உன்னை வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். பட்டியலில் உன் பெயர் இருக்கிறது, கடைசியில் இருக்கிறது, அவ்வளவுதான்! ராத்திரி தூங்கப் போகும் நேரத்தில் போன் வரும், விடிகாலை லோட்-இன் (மேடைச் சாமான்களை அரங்குக்குள் இறக்கும் வேலை), வர முடியுமா என்று. முடியாது என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், அடுத்த போன் எப்போது வரும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

போனால் இரும்பு முனை பூட்ஸ், கையுறை, உயரத்திலிருந்து நழுவி யார் மண்டையிலும் விழாதபடி கயிறு கட்டிய ரெஞ்ச், எல்லாம் நம் காசு. டிரக்கிலிருந்து சக்கரம் வைத்த பெட்டிகளைச் சரிவுப் பலகையில் இறக்கும்போது பெட்டிக்குக் கீழ்ப்பக்கம் நிற்கக் கூடாது என்பதைக்கூட யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நின்ற பிறகு கத்தினார்கள். பக்கத்தில் ஒரு பையன், அப்பாவும் சித்தப்பாவும் கார்டு வைத்திருப்பவர்களாம், அவனுக்கு மட்டும் எந்தக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் கிடைத்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

சங்கமே வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான், அந்தப் பாட்டை இங்கே யாரும் பாட வேண்டாம். 1893-இல் 11 நகரங்களின் மேடைத் தொழிலாளர்கள் நியூயார்க்கில் கூடி உருவாக்கியதுதான் இந்தச் சங்கம், இன்றைய ஐயாட்சி (IATSE). 2007-இல் நியூயார்க்கின் லோக்கல் ஒன் 19 நாள் வேலைநிறுத்தம் செய்து பிராட்வேயின் பெரும்பாலான அரங்குகளை மூட வைத்தது. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தாலும் நாலு மணி நேரச் சம்பளம் என்று பல ஒப்பந்தங்களில் இருப்பது முதலாளியின் தயவால் வந்ததா என்ன? அதனால்தான் உள்ளே போக ஆசைப்படுகிறேன், அதனால்தான் இவ்வளவு கோபம்.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். எத்தனை மணி நேரம், எவ்வளவு கட்டணம், தேர்வு உண்டா, கடைசியில் ஓட்டுப் போட்டு முடிவு செய்வது யார், இதை எழுதி ஆபீஸ் கதவில் ஒட்டுங்கள். இப்போது அங்கே ஒட்டியிருப்பது பார்க்கிங் பற்றிய எச்சரிக்கை மட்டும்தான்.