சாட்ஜிபிடியிடம் கேட்டு மாணவரைக் குற்றம் சொல்லாதீர்கள்

"மாணவர் கட்டுரையை சாட்ஜிபிடியில் போட்டு, 'இதை எழுதியது நீதானா?' என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடும்" என்று ஆசிரியர்களிடையே ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. யாருக்கெல்லாம் என்ன எழுதிக் கொடுத்தது என்று தேடிப் பார்க்க அதனிடம் பதிவேடு கிடையாது. பொருத்தமாகத் தோன்றும் பதிலைக் கோத்துத் தருகிறது, அவ்வளவுதான், அதனால் பிள்ளை சொந்தமாக எழுதியதைக்கூட 'ஆமாம், நான்தான்' என்று சொல்லக்கூடும். ஏஐ (செயற்கை நுண்ணறிவு) எழுதியதா என்று கண்டுபிடிப்பதற்கென்றே, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கருவியே, அவர்களுடைய சோதனையில், ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தின்மேல் வீண்பழி போட்டது. துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் இணையதளத்திலேயே அந்த அறிவிப்பைப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் மாணவரைக் கூப்பிட்டுக் கட்டுரையைப் பற்றி நாலு கேள்வி கேளுங்கள். அந்தத் தகவலை மட்டும் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.