5 எம்பி இமேஜைப் பார்த்து மயங்குறவங்களுக்கு

டாக்கர்ஃபைல் (கன்டெய்னர் இமேஜை எப்படிக் கட்டணும்னு எழுதி வைக்கிற ஃபைல்) ரிவ்யூவுக்குப் போச்சுன்னா போதும், யாராவது ஒருத்தர் "ஏன் அல்பைன் போடலை?"ன்னு, அதாவது அந்த 5 எம்பி லினக்ஸை ஏன் பேஸா எடுக்கலைன்னு, கேட்டுடறாங்க. என் பதில் எப்பவும் ஒண்ணுதான்: உள்ளே ஓடப்போறது என்னன்னு முதல்ல சொல்லுங்க.

கோ மொழியில எழுதி, சிகோவை (சி கோடோட இணைக்கிற வசதி) அணைச்சு, வெளி லைப்ரரி எதையும் நம்பாம ஸ்டாட்டிக்கா பில்ட் பண்ண பைனரின்னா அல்பைன்கூட வேண்டாம், வெறும் ஸ்க்ராட்ச்சே (காலி இமேஜ்) போதும். அங்கே எனக்குச் சண்டையே இல்லை.

பைத்தான்னு வந்தா கதை வேற. அல்பைன் சின்னதா இருக்கக் காரணமே பிஸிபாக்ஸும் (அடிப்படை கமாண்டுகள் அடங்கின ஒரே குட்டி பைனரி), பெரும்பாலான லினக்ஸ்ல இருக்கிற ஜிலிப்ஸிங்கற சி லைப்ரரிக்குப் பதிலா வர்ற மஸ்ல் சி லைப்ரரியும்தான். பைத்தானோட பேக்கேஜ் இன்ஸ்டாலரான பிப் இறக்குற ரெடிமேட் வீல்கள்ல (முன்னாடியே கம்பைல் பண்ணின பேக்கேஜ்கள்) பெரும்பாலானவை மெனிலினக்ஸ் வகை, அதாவது ஜிலிப்ஸிக்காகக் கட்டினவை. மஸ்லுக்கான மஸ்லினக்ஸ் டேக் 2021-லதான் வந்துச்சு. நம்பை மாதிரி பெரிய பேக்கேஜ்கள் இப்போ ரெண்டையும் தருது. டென்சர்ஃப்ளோ தர்றதில்லை. வீல் கிடைக்காட்டி பிப் சோர்ஸை இறக்கி கம்பைல் பண்ணப் பார்க்கும். சோர்ஸும் இல்லாட்டி அதோட முடிஞ்சது. கம்பைல் பண்றதுக்காக ஜிசிசி கம்பைலர், மஸ்ல்-டெவ், இன்னும் நாலு ஹெட்டர் பேக்கேஜ்னு ஏத்துவீங்க. கடைசியில இமேஜும் வீங்கியிருக்கும், பில்டும் இழுக்கும். ஜிலிப்ஸியோட வர்ற டெபியனோட சின்ன இமேஜ், ஸ்லிம்மே 80 எம்பி பக்கம்தான். அதை வேண்டாம்னு தள்ளிட்டு இவ்வளவு பாடு எதுக்கு?

பில்ட்ல உடையறதைக்கூட மன்னிச்சிடலாம், கண்ணுக்குத் தெரியுது. ப்ரொடக்ஷன்ல வர்றதுதான் படுத்தும். மஸ்ல்ல த்ரெட்டோட டீஃபால்ட் ஸ்டாக் 128 கேபி. ஜிலிப்ஸியில வழக்கமா 8 எம்பி. ஆழமா ரிகர்ஷன் போற கோட் அங்கே ஓடும், இங்கே மெமரி எல்லையை மீறி செக்ஃபால்ட் ஆகிச் செத்துடும். டிஎன்எஸ் இன்னொண்ணு: 1.2.4-க்கு முந்தின மஸ்ல், யுடிபியில பதில் அடங்காட்டி டிசிபிக்கு மாறாது. 2023 மே மாசம்தான் அது சரியாச்சு, அல்பைன் 3.18-ல வந்துச்சு. இன்னமும் 3.17-லயே பூட்டி வச்சிருக்கிற ரெப்போக்களை நான் பார்க்கத்தான் செய்றேன்.

ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கும்போதே "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"ன்னு வரும் பாருங்க, அதுவும் பெரும்பாலும் இதே கோளாறுதான். காணாமப் போனது உங்க பைனரி இல்லை, அது தேடுற ஜிலிப்ஸி லோடர் (பைனரி ஓட வேண்டிய லைப்ரரிகளை ஏத்துற ப்ரோக்ராம்). மஸ்ல் மேல ஜிலிப்ஸி மாதிரி நடிக்கிற ஜிகாம்பேட் பேக்கேஜைப் போட்டுச் சமாளிக்கலாம்தான். எல்லாத்துக்கும் அது கைகொடுக்காது.

"அப்போ ஜிலிப்ஸியிலேயே இருந்துட்டா தலைவலி இல்லையா?"ன்னு கேட்பீங்க. அங்கேயும் உண்டு. பழைய ஜிலிப்ஸியில கட்டினது புதுசுல ஓடும், புதுசுல கட்டினது பழசுல ஓடும்னு உத்தரவாதம் கிடையாது. உபுண்டு 22.04-ல (ஜிலிப்ஸி 2.35) கம்பைல் பண்ணி டெபியன் 11-க்கு (2.31) காப்பி பண்ணுங்க, "ஜிலிப்ஸி 2.34 நாட் ஃபவுண்ட்"னு வந்து நிக்க நல்ல வாய்ப்பிருக்கு. மல்டி-ஸ்டேஜ்ல (ஒரு இமேஜ்ல கட்டி இன்னொண்ணுல ஓட்டுறது) பில்டருக்கு டெபியன் வெர்ஷன் இல்லாத டேகும் ரன்டைமுக்கு புக்வார்மும் (டெபியன் 12) எழுதி வைக்கிறவங்க, அந்த பில்டர் டேக் ஒருநாள் புது டெபியனுக்கு நகர்ந்ததும் இதுலதான் மாட்டுவாங்க. ரெண்டு ஸ்டேஜுக்கும் ஒரே டிஸ்ட்ரோ பேரை எழுதுங்க.

சைஸைப் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரே நோட்ல (சர்வர்ல) இருபது சர்வீஸ் ஒரே பேஸ் இமேஜ்ல ஓடினா அந்த லேயர் டிஸ்க்ல ஒரே ஒரு தடவைதான் உட்காரும். ஒவ்வொரு டீமும் ஆளுக்கொரு குட்டி இமேஜ் தேடுறதைவிட, எல்லாரும் ஒரே ஸ்லிம்முக்கு வந்தா மிச்சம் அதிகம். பாதுகாப்புதான் கவலைன்னா டிஸ்ட்ரோலெஸ் இமேஜ்களைப் பாருங்க: டெபியன்ல இருந்து கட்டினது, ஷெல்லே கிடையாது, சி லைப்ரரி மட்டும் அதே ஜிலிப்ஸி. டீபக் பண்ணும்போது திட்டுவீங்க, அது வேற விஷயம்.