பங்குதாரர் என்றால் முதலில் கேளுங்கள்

பட்டறைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோவது பற்றி மாநகராட்சி சனிக்கிழமை நடத்திய கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்குப் படம் போட்டுவிட்டீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன், கடைசி வரிசையில். "தொழில் செய்பவர்கள் ஊர் வளர்ச்சியின் பங்குதாரர்கள்" என்று மேடையில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், பங்கு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வெள்ளி வாங்கும் முன்னாலேயே கூட்டாளியைக் கேட்போம். உருக்கி, கம்பி இழுத்த பிறகு வந்து "உன் பங்கு எவ்வளவு?" என்று கை நீட்டினால் அதை நாங்கள் வசூல் என்போம்.

இடம் முடிவாகி, வரைபடமும் அச்சாகி வந்துவிட்டது. எங்களிடம் கேட்டது பணமும் கையெழுத்தும் மட்டும். பற்றவைப்பு வேலை செய்கிற ஒரு அக்கா எழுந்தார். "நேரமில்லை, உட்காருங்கம்மா" என்றார்கள். வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே குழல் ஊதிப் பற்றவைக்கிறவர் அவர். வேலையை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் பஸ் உண்டா, பிள்ளைகளை எங்கே விடுவது என்று கேட்கத்தான் எழுந்தார். அதைவிட முக்கியமான கேள்வி அன்று வேறு எதுவும் வரவில்லை.

இது எனக்குப் பழைய காயம். சில வருடம் முன்பு எங்கள் தெருப் பட்டறைக்காரர்கள் காசு சேர்த்துக் கொடுத்து சாக்கடைக் கால்வாய் போடச் சொன்னோம். போட்டார்கள், வாசல்படியைவிட ஒரு சாண் உயரத்தில். ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வந்தது. பட்டறைக் குப்பையை நாங்கள் கொட்டமாட்டோம், அலசினால் வெள்ளி கிடைக்கும். மூன்று மாதம் கூட்டிச் சேர்த்த மண் மூட்டை அப்படியே கரைந்து போனது. அப்பா அன்று சாப்பிடவே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று எங்கள் தெருப் பொடியன்கூட சொல்லியிருப்பான்.

உடனே "இவன் அரசுக்கு எதிரி" என்பீர்கள். இல்லை. மக்களும் பணம் போடும் நமக்கு நாமே திட்டம் 1997இல் வந்தபோதே நல்ல யோசனைதான். 2010இல் மூக்கனேரியை ஊர்க்காரர்கள் கைக்காசு போட்டு மீட்டதை எல்லாரும் பார்த்தோம். 1981இல் வந்த சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். ஜவ்வரிசி ஆலைக்காரர்களே உறுப்பினர்கள், மாதிரியைச் சோதித்து மறைமுக டெண்டரில் விற்பனை. அது உள்ளாட்சி இல்லையே என்பீர்கள். சரி, இல்லைதான். ஆனால் தொழில்காரனை உள்ளே உட்காரவைத்தார்களே!

தொழில் வளர்ச்சி மாநகராட்சியின் வேலையா என்றும் ஒருவர் கேட்டார். 1992இன் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த 12ஆவது அட்டவணையில் பொருளாதார வளர்ச்சிக்குத் திட்டமிடுவதும் இருக்கிறது. படித்துப் பாருங்கள்.

எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காதாம். கேட்காமல் செய்த வேலை எப்படி நடந்தது என்று என் பட்டறைச் சுவரில் தண்ணீர்க் கறை நிற்கிறது, வந்து பாருங்கள்.

வெளியே வரும்போது அந்த அக்கா, "விடு தம்பி, நாளைக்கு இருபது ஜோடி கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு விட மனசில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போய் முதல் வரிசையில் உட்காரப் போகிறேன்.