குரக்கன் பிட்டிலும் அளவு முக்கியம்
குரக்கன் (கேழ்வரகு) பிட்டு என்றால் சீனி வருத்தக்காரர் (நீரிழிவு உள்ளவர்கள்) வயிறு நிறையச் சாப்பிடலாம் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 100 கிராம் குரக்கன் மாவிலும் ஏறக்குறைய 70 கிராம் மாச்சத்து இருக்கிறது; அரிசி மாவை விட நார்ச்சத்துதான் கூட. இங்கே திருகோணமலையில் என் அம்மா அதை நம்பி ஒரு நீத்துப்பெட்டி (பிட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) நிறையப் பிட்டை வாழைப்பழத்தோடு சாப்பிட்டார், இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் இரத்தத்தில் சீனி 240 mg/dL. பாவம், நல்லது என்று நினைத்துத்தான் சாப்பிட்டார். இப்போது பிட்டு அரைவாசி, மிச்சத்துக்கு அவித்த கடலை, வல்லாரைச் சம்பல், சூடை மீன் குழம்பு. 170ஐத் தாண்டுவது குறைவு. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் பிட்டையே விட்டு ஓட்ஸுக்கு மாறச் சொல்கிறார், அது தேவையில்லை. ஆனால் இன்சுலின் போடுபவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் சாப்பாட்டைத் திடீரென்று குறைக்க வேண்டாம், சீனி இறங்கி மயக்கம் வரக்கூடும்.