அடிபம்பும் ஆழமும்
‘வளரும் நாடு தனக்கான கருவியைத் தானே வடிவமைத்தால் போதும், இந்தியா மார்க் 2 அடிபம்பே சான்று’ என்கிறது உங்கள் இதழில் வந்த கட்டுரை. பாதிதான் உண்மை. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் உருவான அடிபம்பிலிருந்து 1970களில் யுனிசெஃப் துணையுடன் உருவான அது உறுதியானதுதான்; ஆனால் உள்ளே வாஷர் தேய்ந்தால் குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும், அதற்கு ஊருக்கு வெளியிலிருந்து ஆட்களும் கருவிகளும் வர வேண்டும். குழாயைத் தூக்காமலே பிஸ்டனை உருவி எடுக்கும் மார்க் 3 பின்னர் வந்ததே இதற்காகத்தான். அதோடு, ‘நாட்டுக்கு ஏற்றது’ என்ற அளவுகோலே மிகப் பெரியது. கேரளம் என்றாலே மழை என்பார்கள். பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து பாருங்கள், மழை மறைவுப் பகுதி, கரிசல் மண், ஆழ்துளைக் கிணறுகள் பல நூறு அடி இறங்குகின்றன. ஏறத்தாழ 50 மீட்டர் வரை மட்டுமே இறைக்கும் பம்பு இங்கே எதற்கு? ஊருக்கு ஊர் தேவை மாறுவதால் முடிவும் ஊரிலேயே எடுக்கப்பட வேண்டும். கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. இதே கட்டுரை பற்றி எனக்கு முன் எழுதி, ஆராய்ச்சி நிதியைக் கூட்டச் சொல்லும் வாசகரிடம் நான் கேட்பது இதுதான்: அந்த ஆராய்ச்சி நிதியிலும் ஒரு பங்கைப் பஞ்சாயத்துகளுக்கே கொடுத்து, எதை ஆராய வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்ய விடலாமே?