ரோஜா முதல் தேர்தல்லயே ஜெயிச்சாங்களா?

அண்ணா, மேல உங்க போஸ்ட்ல நடிகை ரோஜா மேடம் நின்ன முதல் தேர்தல்லயே ஆந்திராவுல நகரி தொகுதியில ஜெயிச்சாங்கன்னு போட்டிருக்கீங்க, அதை நாலஞ்சு பேர் ஷேர் பண்ணிட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, அது சரியில்ல. நான் புத்தூர் பக்கம்தான், திருத்தணி தாண்டினா எங்க ஊரு, அதனால இது நல்லா ஞாபகம் இருக்கு. 2004-ல தெலுங்கு தேசம் சார்பா நகரியில நின்னு காங்கிரஸ் செங்கா ரெட்டிகிட்ட தோத்தாங்க, 2009-ல சந்திரகிரிக்குப் போய் நின்னாங்க, அங்கயும் கல்லா அருணகுமாரிகிட்ட தோல்விதான். அப்புறம் ஒய்எஸ்ஆர் காங்கிரசுக்கு மாறி 2014-ல தான் முதல் ஜெயிப்பு, அதுவும் வெறும் 858 ஓட்டு வித்தியாசம். ரெண்டு தடவை தோத்தும் விடாம நின்னவங்க, அந்த பத்து வருஷத்த ஒரே வரியில அழிச்சிடாதீங்க, எனக்கு அதான் வருத்தம்.

நான் சொல்றத நம்ப வேணாம், தேர்தல் கமிஷன் வெப்சைட்ல ஆந்திரா சட்டசபைத் தேர்தல் ரிப்போர்ட் வருஷ வாரியா பிடிஎஃப்பா இருக்கு. 2004, 2014 ரெண்டுலயும் நகரி பாருங்க, 2009-க்கு மட்டும் சந்திரகிரி பக்கத்த திறக்கணும், நிறைய பேர் நகரியிலயே தேடிட்டு பேர் இல்லைன்னு விட்டுடறாங்க. பார்த்துட்டு போஸ்ட்ட மட்டும் திருத்திடுங்கண்ணா.