அத்தையின் முழங்கால் போட்ட பயணத் திட்டம்

கோலாலம்பூர்க்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். நமக்கு உட்கார்ந்து சாப்பிடவே மறந்துபோய்விட்டது. வேலை நாளில் மட்டும் என்றால் மன்னித்துவிடலாம். லீவு போட்டுவிட்டு வெளியூர் போனாலும் நின்றுகொண்டேதான் தின்கிறோம். போன மாதம் பினாங்கில் இரண்டு இரவு தங்கி வந்ததிலிருந்து இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் என் வீட்டு லட்சணம். பூச்சோங்கில் இருக்கிறோம். ஆறரைக்குள் காரை எடுக்காவிட்டால் எல்டிபி நெடுஞ்சாலை ஜாமில் வீட்டுக்காரர் கதை முடிந்தது. அதனால் அவர் பசியாறுவது காருக்குள்தான். எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் குடை நட்டு நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்கும் மலாய்க்கார அக்காவிடம் கண்ணாடியை இறக்கி ஒரு பொட்டலம், ஒரு தே ஐஸ். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிறு கட்டிக் கொடுத்த அந்தத் தே ஐஸ், சிக்னல் போடுகிற குச்சியில் தொங்கும். இடது பக்கம் திரும்ப சிக்னல் போட்டால் தேத்தண்ணியும் சேர்ந்து ஆடும். எனக்கு அந்த வசதியும் கிடையாது. மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) பாஸில் எல்ஆர்டி ரயில். ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது. மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கி ஓடி, கம்ப்யூட்டர் திறப்பதற்குள் நாலு வாய். பிள்ளைகள் இருவரும் ஒரு கையில் மைலோ, மறு கையில் சப்பாத்து என்று வாசலிலேயே முடித்துவிடுவார்கள்.

2024 டிசம்பரில் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் சேர்ந்த நம்முடைய காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஆளாளுக்கு நெட்டில் கொடி போட்டோம். நானும் போட்டேன், சம்பால் சிந்திய கீபோர்டைத் துடைத்துக்கொண்டே. பல இனச் சமுதாயத்தின் உணவு அனுபவம் என்று அந்தத் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் காருக்குள் ஒரே இனம்தான், அதுவும் ஒரே ஆள்.

சரி, பினாங்குக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு முறை காரில் போனோம். பதினாலு வயது மகன் டிக்டாக் பார்த்து ஒரு பட்டியல் போட்டிருந்தான். இரண்டு நாளில் பதினோரு கடை. ஒரு கடையில், பெயர் வேண்டாம், வெயிலில் ஒரு மணி பத்து நிமிடம் நின்றோம். உள்ளே போனதும் வாசலில் நிற்கிற கூட்டத்தைக் காட்டியே சீக்கிரம் எழுப்பிவிட்டார்கள். சாப்பாடு மோசமில்லை. ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று இப்போது கேட்டால் மகனுக்கே போனைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஆர்மீனியன் தெருவில் 2012இல் வரைந்த அந்தச் சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்துக்கும் ஒரு வரிசை, அதிலும் நின்றோம். திரும்பும் வழியில் தாப்பா ஓய்விடத்தில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் நடந்த சண்டையைப் பற்றி எழுத மாட்டேன்.

இந்த முறை அத்தையும் வருகிறேன் என்றார். என் மாமியார், எழுபத்திரண்டு வயது, பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். மூட்டு வலி. பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது, நாலு மணி நேரம் காரில் காலை மடக்கி உட்காரவும் முடியாது. ஆக, திட்டம் போட்டது நானும் இல்லை, டிக்டாக்கும் இல்லை, அத்தையின் முழங்கால். கார் வேண்டாம், ரயில். நிற்கச் சொல்லுகிற கடை வேண்டாம், நாற்காலி இருக்கிற கடை. மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் என்கிற வேக மின்ரயில் ஏறினோம். குளிர்தான் தாங்கவில்லை, போகிறவர்கள் போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் பினாங்கு போகிற வழியில் என் வீட்டுக்காரர் தூங்கி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. குடும்பமாகக் காரில் போனால் ஓட்டுகிறவருக்கு லீவே கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஈப்போ தாண்டி, தைப்பிங்குக்கு முன்னால் அந்த நீளமான பெராப்பிட் சுரங்கத்தில் எல்லோர் காதும் அடைத்தது. அப்புறம் புக்கிட் மேரா ஏரி. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ரயில். கண் விழித்த மனிதர், "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டார், என்னவோ ஏரியை நேற்றுத்தான் வெட்டிய மாதிரி.

பட்டர்வொர்த்தில் இறங்கித் தீவுக்கு ஃபெரி. அத்தைக்கு மட்டும் அதில் ஒரு வருத்தம். 2023இலிருந்து ஓடுகிற புதுப் படகுகளில் ஆட்களும் இரண்டு சக்கர வண்டிகளும் மட்டும்தான். பழைய ஃபெரியில் காரெல்லாம் ஏறும், எண்ணெய் நாற்றமும் உப்புக் காற்றும் சேர்ந்து மூக்கில் அடிக்கும், அதைக் காணோமே என்றார். இரண்டு வெள்ளிக்கு ஏசி போட்டுக் கூட்டிப்போகிறான், அதற்கும் குறை.

மதியம் நாசி கண்டார். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், அவசரக்காரர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். தமிழ்நாட்டு நண்பர்களுக்காக: கண்டார் என்பது தோளில் போடுகிற தடி. இரண்டு முனையிலும் கூடை, ஒன்றில் சோறு, மற்றதில் குழம்பு. தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் அப்படித் தூக்கிக்கொண்டு போய், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்கு விற்றார்கள். நம் காவடியேதான், முருகனுக்குப் பதிலாகச் சோறு. அத்தையின் தாத்தா அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தடியை இறக்கி வைத்ததும் தாத்தாவும் கூட்டாளிகளும் கோணிச் சாக்கை விரித்துச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்களாம். முதுகெலும்பு முறிய வேலை செய்தவர்களே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது கூடை போய்க் கண்ணாடி அலமாரி வந்துவிட்டது. கறி, மீன் முட்டை, கணவாய், பெண்டி (வெண்டைக்காய்) என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் எல்லாக் குழம்பையும் சேர்த்து 'பஞ்ஜிர்' ஊற்றுவார்கள், வெள்ளம் என்று அர்த்தம். எங்களை மாதிரி மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு அந்த வெள்ளத்தில்தான் ஆபத்து. அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாட்டுக் குழம்பு படாம ஊத்துங்க தம்பி" என்றார். கரண்டி பிடித்திருந்த அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். "தெரியும்மா. உங்களுக்குத் தனிக் கரண்டி. நீங்க போய் உட்காருங்க, நான் கொண்டாறேன்." கொண்டுவந்தும் கொடுத்தார். பெரிய இறாலை மட்டும் விலை கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் எடுத்துவிட்டு பில்லைப் படம்பிடித்துப் போடுகிறவர்கள் மேல் எனக்கு அனுதாபம் குறைவு.

அன்று மாலை குவே தியாவ், தட்டையான அரிசி நூடுல்ஸ். இதில்தான் என் வாதமே இருக்கிறது. அதைப் பிரட்டிக் கொடுக்கிற சார் குவே தியாவ் நல்லதாக வேண்டுமென்றால் காத்திருக்கத்தான் வேண்டும். தீ கொழுந்துவிட வேண்டும், சட்டியில் கூட்டம் சேர்ந்தால் சூடு இறங்கிவிடும், அதனால் ஒவ்வொரு தட்டாகப் பிரட்டுகிறார்கள். ஆனால் பழைய கோப்பிக்கடைகளில் ஒரு முறை இருக்கிறது. வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, மேசை நம்பரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். குடிக்கிற டீ, காப்பி எல்லாம் கோப்பிக்கடை முதலாளியுடையது, அதை மட்டும் மறக்காமல் ஆர்டர் பண்ணிவிட வேண்டும். எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது. நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தோம், கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) குடித்தோம், பக்கத்து மேசையில் லக்சா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்டவர் புதினாவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் வைத்ததைப் பற்றிப் புறம் பேசினோம். அதே நாற்பது நிமிடத்தை வெயிலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் கழித்திருந்தால், தட்டு வரும்போது எரிச்சல்தான் மிஞ்சியிருக்கும். காத்திருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கால் கடுக்கக் காத்திருப்பதில்தான்.

இரண்டாம் நாள் காலை லிட்டில் இந்தியாவில் ஒரு சின்னக் கடை. லெபூ பாசாரை அத்தை இன்னமும் கடைத்தெரு என்றுதான் சொல்கிறார். அங்கே இரண்டு மணி நேரம் பசியாறினோம். மிகைப்படுத்தவில்லை, எட்டுக்கு உட்கார்ந்து பத்துக்கு எழுந்தோம். இடியாப்பம், தேங்காய்ப்பூ, பழுப்புச் சீனி. மலாய்க்காரர்கள் வாயில் இதுவே புட்டு மாயாம் ஆகிவிட்டது, ஆப்பம் அப்போம் ஆகி, பினாங்கில் சீனர்களும் சுட்டு விற்கிறார்கள். எங்கள் பின்னால் ஒரு சீனப் பெரியவர் பேப்பரை மடக்கிவிட்டு, "தம்பி, சட்னி இன்னும் கொஞ்சம்" என்று தமிழில் கேட்டார். மகள் வாயைப் பிளந்தாள். யுனெஸ்கோ எழுதியது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அரை மணி மகன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் வைஃபை இல்லை, டேட்டாவும் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தான். பன்னிரண்டு வயதில் அவர் தன் அப்பாவோடு ஃபெரி ஏறி, தீபாவளித் துணி எடுக்க இதே தெருவுக்கு வந்த கதை எனக்கே புதிது. திரும்பும்போது சிவப்பு சிரப் ஊற்றிய ஐஸ் உருண்டையை உறிஞ்சிக்கொண்டே படகுத்துறை வரைக்கும் நடப்பாராம், புதுத் துணிப் பொட்டலத்தில் சிரப் சொட்டி அடி வாங்கினாராம்.

"அப்ப நீங்களும் நடந்துக்கிட்டேதான தின்னீங்க?" என்று மகன் மடக்கினான்.

"அது ஐஸ்டா. பசியாற உட்காரணும். பசி என்ன ஓடிக்கிட்டே ஆறுமா?"

தமிழ்நாட்டில் டிபன் என்கிறார்கள், நாம்தான் பசியாறுவது என்கிறோம். காயம் ஆறுகிற மாதிரி, காப்பி ஆறுகிற மாதிரி, பசியும் ஆற வேண்டும் என்று இத்தனை வருடமாக அந்தச் சொல்லிலேயே இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

ஒரு பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன். மதியம் பினாங்கு ரோடு பக்கத்துச் சந்தில் செண்டோலை, அந்தத் தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பை, நின்றுகொண்டுதான் குடித்தோம். 1936இலிருந்து விற்கிறார்கள், வீட்டுக்காரர் விடவில்லை. அத்தைக்கு மட்டும் பக்கத்துக் கடைக்காரர் ஒரு முக்காலி கொடுத்தார். கொடி மலைக்கு (பினாங்கு ஹில்) போகவில்லை, தண்ணீர்மலை முருகனைக் கீழிருந்தே கும்பிட்டோம், 513 படியை முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. பதினோரு கடைக்குப் பதிலாக மொத்தம் ஐந்து கடை. தூங்கினோம், இன்னொரு முறை தூங்கினோம்.

"வேலைக்குப் போகிறவனுக்கு இரண்டு மணி நேரம் பசியாற எங்கே நேரம்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். எல்டிபியில் கார் நகராததற்கு என் வீட்டுக்காரர் என்ன செய்வார்? ஆனால் லீவு நாள் நம்முடையது. அதில் பட்டியல் போட்டு நம்மை நாமே விரட்டிக்கொள்வதற்கு அந்தச் சாலை மேல் பழி போட முடியாது.

திங்கட்கிழமை எனக்குப் பத்தரைக்குத்தான் ஆபீஸ். வீட்டுக்காரர் காரை எடுப்பதற்கு முன்பே தாமான் முனை வரைக்கும் நடந்து போய், நாசி லெமாக் அக்காவிடம் உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் குடைக்குக் கீழே இங்கும் அங்கும் பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லையே என்று மலாயில் சொல்லிவிட்டு, மீன் கொண்டுவருகிற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, துணியால் ஒரு துடைப்புத் துடைத்தார். உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே வாழையிலை இருப்பதையே அன்றைக்குத்தான் பார்க்கிறேன். வீட்டுக்காரர் காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, தே ஐஸை வாங்கிக் குச்சியில் மாட்டினார். மணி ஆறு முப்பத்தைந்து. "நீ நடத்தும்மா" என்று சொல்லிவிட்டு இடது சிக்னல் போட்டார்.